கொழும்பு மாநகரின் கல்லும் கதையும்

இறந்துபட்ட வீரனுக்குக் கல் நாட்டி, அக்கல்லில் அவன் பெயரும் பெருமையும் பொறித்து வழிபடுதல் பண்டைத் தமிழர் மரபு. அம்மரபின் படிமுறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைத்தார். தகுந்த கல்லைக் காண்டல், அதனைக் கொள்ளுதல், நீர்ப்படுத்தல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என அவை ஆறாம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் சமைத்தற்பொருட்டு இமயத்திலே கல்லெடுத்துக் கங்கையிலே நீர்ப்படுத்திக் கொணர்ந்த செய்தியைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது.

இவ்வாறனுள் முதல் நான்கும் ஒருமுறை செய்து முடிக்கப்படுவன. படையலும் வாழ்த்தும் அத்தகையன அல்ல. வழிவழி வரும் மக்கள் அவற்றை இடையறாது செய்துவரல் வேண்டும். வாழ்த்துவார் அற்றவிடத்து நடப்பட்ட கல் மீண்டும் வெறுங்கல்லாகிவிடும். அன்றேல், நட்டோர் கருதாத வேறொரு கதையைத் தாங்கி நிற்கும். இவ்வுண்மையைக் காண்பதற்குப் பழைய பாலைநிலங்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. கொழும்பு மாநகரின் தெருக்களே அதற்குச் சான்று பகரும்.

கொழும்பைக் காணவரும் பயணிகள் கோட்டையையும் புறக்கோட்டையையும் கொட்டாஞ்சேனையையும் காலிமுகத்திடலையும் நூதனசாலையையும் சுற்றிப் பார்க்கின்றனர். ஒவ்வோரிடத்தும் அவர்களுக்கு ஒரு கதை சொல்லப்படுகின்றது. கல்லிலே பொறிக்கப்பட்ட செய்தி ஒன்று. மக்கள் நாவிலே வழங்கும் செய்தி மற்றொன்று. முன்னது கட்டினோரின் கருத்தை அறிவிப்பது; பின்னது கண்டோரின் கருத்தை அறிவிப்பது. இரண்டினையும் ஒப்பநோக்கி, எஃது எவ்வளவிற்குச் சான்றாகும் என்று துணிதலே வரலாற்று மாணவன் கடன்.

ஓநாய் இல்லாத ஓநாய்ப் பள்ளம்

புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடைப்பட்ட மேட்டிலே ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1749-ம் ஆண்டில்; வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது 1757-ம் ஆண்டில். சிலுவை வடிவிலமைந்த அக்கட்டடத்தின் சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமனுடையன. கோட்டையினுள் இருந்த பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களும் நினைவுக்கற்களும் 1813-ம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், இங்கே கொண்டுவரப்பட்டன.

‘வுல்வெண்டால்’ என்னும் ஒல்லாந்தச் சொல் ‘ஓநாய்களின் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும். இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை, நரியே உண்டு. ஆதலின், அக்காலத்திற் சதுப்பும் புதருமாய்க் கிடந்த அவ்விடத்தில் இரவுதோறும் ஊளையிட்ட நரிகளை ஒல்லாந்தர் ஓநாயென மயங்கினர் என்பது ஒரு விளக்கம். மற்றொரு விளக்கம் இதனினும் சுவையுடையது. ஒல்லாந்தர்க்கு முன் போர்த்துக்கேயர் அவ்விடத்திலே குவாதலூப்பே அன்னைக்கு ஓர் ஆலயம் எடுத்திருந்தனர் என்றும், அப்பெயரின் ஈற்றை ஓநாயைக் குறிக்கும் சொல்லாகக் கொண்ட ஒல்லாந்தர் அதனைத் தம்மொழியிற் பெயர்த்துக்கொண்டனர் என்றும் அவ்விளக்கம் கூறும்.

இதனைக் கேட்போர் ஒல்லாந்தரின் அறியாமையை எண்ணி நகைப்பர். ஆயின், ஸ்பெயின் நாட்டுக் குவாதலூப்பே என்னும் ஊர்ப்பெயரே, ஆற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லும் ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் புணர்ந்து உண்டானதென்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமாயின், பிழையென்று நகைக்கப்பட்டது செம்மையான மொழிபெயர்ப்பாகவே முடியும். கத்தோலிக்க அன்னையின் பெயரை அகற்ற முனைந்த சீர்திருத்தச் சபையார் தம்மையறியாமலே அப்பெயரை மொழிபெயர்த்துக் காத்தனர் என்பதே அதன் விளைவாகும்.

இவ்வாலயத்துக்கு அணித்தாகப் புறக்கோட்டையில் ‘கைமன்ஸ் கேற்’ என்னும் இடம் உண்டு. ஆங்கே ஒரு பழைய மணிக்கூண்டு நான்கு தூண்களின்மேல் நிற்கின்றது. ‘கைமன்’ என்பது ஒல்லாந்த மொழியில் முதலையைக் குறிக்கும். கோட்டையைச் சூழ்ந்த அகழியிலும் ஏரியிலும் கிடந்த முதலைகள் அவ்வாயிலுக்குப் பெயர் அளித்தன என்பர். மணிக்கூண்டில் தொங்கும் மணி, கோட்டை என வழங்கும் பழைய தலைநகரில் அழிந்துகிடந்த போர்த்துக்கேயர் ஆலயத்தினின்று எடுக்கப்பட்டதென்றும், வுல்வெண்டால் வழிபாட்டுக்கு மக்களை அழைத்தற்கு அதுவே ஒலித்ததென்றும் மரபுண்டு. ஒரு சமயத்தார் வார்த்த மணி, அவரை ஒறுத்த மற்றொரு சமயத்தாரின் வழிபாட்டுக்குக் குரல்கொடுத்தது. மணிக்கு மதம் இல்லை, ஒலிப்பிப்போர்க்கே உண்டு.

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் கதையும் இவ்வொறுப்பினோடு தொடர்புடையது. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு ஒருவர் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்தனர் என்றும், கடல் அரித்து ஊரை விழுங்கிய காலத்து மீனவர் அவரிடம் முறையிட, அவர் கரையிலே சிலுவை நாட்டி வேண்டினர் என்றும், கடல் பின்வாங்கி மணற்றிட்டொன்று எழுந்ததென்றும், அதுகண்ட ஒல்லாந்தர் அவரை அவ்விடத்தில் வாழ இசைந்தனர் என்றும் கூறுவர். கடல் பின்வாங்கிய செய்தியை நம்புதலும் நம்பாமையும் அவரவர் பத்தியைப் பொறுத்தது. ஆயின், குருமார் மாறுவேடத்திற் பணிசெய்தமை வரலாறு. 1687-ம் ஆண்டில் இலங்கையை அடைந்த யோசப் வாஸ் அடிகளாரும் அவ்வாறே வந்தனர். ‘கொச்சிக்கடை’ என்னும் ஊர்ப்பெயர் கொச்சியிலிருந்து வந்தவரின் கடை என்ற நினைவைக் காத்துநிற்கின்றது. அந்தோனியாரின் திருவுருவம் 1822-ம் ஆண்டிற் கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவ்வாலயத்துக்குச் செல்வோரிற் சைவரும் பௌத்தரும் பலர். 2019-ம் ஆண்டு ஏப்பிரில் 21-ம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அவ்வாலயத்திற் குண்டு வெடித்து வழிபட வந்தோர் பலர் மாண்டனர். சில வாரங்களிலே, அவ்வாண்டு யூன் மாதத்தில், ஆலயம் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே செல்லும் பயணிக்கு இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று கடல் தந்த கதை. மற்றொன்று மனிதர் தந்த கதை.

கொட்டாஞ்சேனையின் இரு திருப்பணிகள்

கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தமாராமம் என்னும் பௌத்த விகாரை இருவகையாற் சிறப்புடையது. பாணந்துறை வாதத்திற் புகழ்பெற்ற மிகெட்டுவத்தை குணானந்த தேரர் வாழ்ந்த இடம் அது. 1885-ம் ஆண்டு வெசாக் நாளிலே, இன்று உலகெங்கும் பறக்கும் பௌத்தக் கொடி முதன்முறையாக ஏற்றப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1883-ம் ஆண்டில், அதே கொட்டாஞ்சேனையிற் பௌத்தர்க்கும் கத்தோலிக்கர்க்குமிடையே கலவரம் மூண்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், அக்கொடியின் தோற்றத்துக்குரிய சூழல் விளங்கும்.

அவ்விகாரையிலுள்ள தூபி, இலங்கையின் ஏனைய தூபிகளைப் போலன்றிச் சீயநாட்டுப் பாணியில் அமைந்தது. அதனைக் கட்டுவித்தவர் ஜினவரவம்ச தேரர். இவர் துறவுக்கு முன் பிரிஸ்டாங் என்னும் பெயருடைய சீய அரசகுமாரர். மூன்றாம் இராமர் எனப்படும் சீய மன்னரின் பேரர். இலண்டனிற் பொறியியல் கற்றவர். ஐரோப்பாவிற் சீயநாட்டின் தூதராயிருந்தவர். அரசின் சினத்துக்கு ஆளாகி நாடுவிட்டு நீங்கி, 1896-ம் ஆண்டில் இலங்கையிலே துறவு பூண்டார். 1898-ம் ஆண்டிற் பிப்ராவாவிலே புத்தபிரானின் தாதுக்கள் எனப்பட்டவை அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, அவற்றைப் பௌத்த மன்னராகிய சீய அரசரிடம் ஒப்படைத்தல் தகும் என்று வற்புறுத்தியவர்களுள் இவரும் ஒருவர். சூலலங்கரண மன்னர் இறந்தபின், 1911-ம் ஆண்டில் அவரது ஈமக்கடனுக்குத் தாய்நாடு சென்ற தேரர் துவராடை களைய நேர்ந்தது. அதன்பின் அவர் துறவியாகத் திரும்பிவரவில்லை. தாய்நாட்டில் வாழமுடியாத ஒருவர் தாய்நாட்டுச் சிற்பத்தை அயல்நாட்டில் எழுப்பினார். தாய்நாடு சேர்ந்தபின் தாம் எழுப்பியதை இழந்தார். தூபியைக் காண்போருள் இதனை அறிவோர் சிலரே.

அதே பகுதியில், கொச்சிக்கடையில் விளங்குவது பொன்னம்பலவாணேசுவரம். பொன்னம்பல முதலியார் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாபித்த அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முற்றிலும் கருங்கல்லாலே புதுக்குவித்தார். 1907-ம் ஆண்டிற் றொடங்கிய திருப்பணி 1912-ம் ஆண்டிற் குடமுழுக்கோடு நிறைவெய்தியது. கல்லும் மரமும் சுதையுமாகக் கட்டடங்கள் எழுந்த கொழும்பிலே, திராவிடச் சிற்பமுறையிற் றூண்களும் விமானமும் கருங்கல்லால் அமைந்த கோயில் அயல்நாட்டுப் பயணிகளுக்கும் வியப்பளித்தது.

இராமநாதனைப் பற்றி மக்கள் நாவில் வழங்கும் கதை கோயிலைப் பற்றியதன்று. 1915-ம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக அவர் இங்கிலாந்து சென்று வாதாடினார். மீண்டுவந்தபோது அவருடைய வண்டியிற் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்களே அதனை இழுத்துச்சென்றனர் என்பது அக்கதை. பழைய பாராளுமன்றத்தின் அருகே அவருக்கும், அவர் இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் சிலைகள் நிற்கின்றன. அருணாசலம் 1919-ம் ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் றலைவரானவர். பிரதிநிதித்துவம் பற்றிய வாக்குறுதி காக்கப்படவில்லை எனக் கண்டு 1921-ம் ஆண்டில் அதனை விட்டு விலகியவர். வண்டியிழுத்த கைகளின் நினைவும் வாக்குத் தவறிய கசப்பும் ஆறாண்டு இடைவெளிக்குள் அடங்குவன. சிலைகள் இரண்டனையும் ஒருங்கே வைத்து எண்ணாதவன் அக்கால அரசியலை ஒருமருங்கே அறிந்தவனாவான்.

ஆண்டு முந்திய பாறை

1875-ம் ஆண்டிற் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கியபோது, கரையிலிருந்த ஒரு பாறையிலே சிலுவையும் போர்த்துக்கல் அரசின் இலச்சினையும் பொறிக்கப்பட்டிருத்தல் கண்டறியப்பட்டது. போர்த்துக்கேயர் முதன்முதல் வந்திறங்கிய நினைவாக இதனைப் பொறித்தனர் என்று பலரும் மகிழ்ந்தனர். ஆயின் அதிற் காணப்பட்ட ஆண்டு 1501 என வாசிக்கப்பட்டது. இடர்ப்பாடு இங்கேதான் தோன்றிற்று. லொறன்சோ த அல்மேதா கொழும்பை அடைந்தது 1505-ம் ஆண்டிலென்று பாடநூல்கள் கூறும். 1506 என்றே கொள்ளவேண்டும் என டொனால்ட் பேர்குசன் வாதிட்டார். எவ்வாறாயினும், 1501-ம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தமைக்கு அவர்தம் சரித்திர நூல்களிற் சான்றில்லை. வஸ்கோ த காமா கள்ளிக்கோட்டையை அடைந்து மூன்றாண்டுகளே சென்றிருந்த காலம் அது.

கல்லிலே எழுதப்பட்டதென்ற காரணத்தால் ஒரு செய்தி மெய்யாகிவிடாது. எண்கள் தேய்ந்து மயக்கம் தந்திருக்கலாம். பிற்காலத்தார் முன்னோர் வருகையை நினைந்து பொறித்திருக்கலாம். பாறை பின்னர்க் கோர்டன் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நூல்களும் கல்லும் முரணியவிடத்து, கல்லின் வயதை முதலில் ஆராய்தலே முறை என்பதை இப்பாறை கற்பிக்கின்றது.

மணி காட்டாத மணிக்கூடு

கோட்டையில் நாற்சந்தியொன்றின் நடுவே பழைய கலங்கரை விளக்கம் மணிக்கூட்டுக் கோபுரமாய் நிற்கின்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் என்பவரின் மனைவியார் இதன் வரைபடத்தை அமைத்தார் என்பர். 1857-ம் ஆண்டில் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்த இதன் உச்சியிலே 1867-ம் ஆண்டில் விளக்கேற்றப்பட்டது. மாலுமிகளுக்கு வழிகாட்டும் விளக்கும் நகரத்தார்க்கு நேரங்காட்டும் மணிக்கூடும் ஒன்றாய் அமைந்தமை உலகில் அரிதாகக் காணப்படும் ஒன்று.

இலண்டன் மாநகரின் பாராளுமன்றப் பெருமணிக்கூட்டைச் செய்த டென்ற் நிறுவனத்தாரிடம் 1,200 பவுண் விலையில் இக்கோபுரத்துக்கென 1872-ம் ஆண்டிலே புதிய மணிக்கூடு ஒன்று பெறப்பட்டது. ஆயின் அரசாங்கச் சிக்கனத்தின் காரணமாக அதனைப் பொருத்தும் வேலை கைவிடப்பட்டது. நேரங்காட்டுதற்கு வாங்கப்பட்ட பொறி நாற்பதாண்டுக்கு மேலாகப் பண்டகசாலையில் உறங்கி, 1914-ம் ஆண்டிலேதான் கோபுரத்தில் ஏறிற்று. சிக்கனம் என்று கருதியது எவ்வளவு பெரிய வீண்செலவாக முடியும் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. சுற்றிலும் மாடமாளிகைகள் உயர்ந்தமையால் விளக்கொளி கடலுக்கு மறைந்தது. ஆகவே 1952-ம் ஆண்டிற் கடற்கரையிலே புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. பழையது மணிக்கூடாக மட்டும் எஞ்சியது.

புறக்கோட்டையின் நுழைவாயிலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் வேறொரு வகையினது. பம்பாயிலிருந்து வந்த பார்சி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த கான் சகோதரர் இருவர், தம் தந்தையார் பிராம்ஜி பிக்காஜி கானின் நினைவாகக் கோபுரத்தையும் அதனோடு குடிநீர்த் தாரையையும் அமைத்து, 1923-ம் ஆண்டு சனவரி 4-ம் நாள், அவர் மறைந்து 45 ஆண்டு நிறைந்தபோது, மாநகர மக்களுக்கு உரிமையாக்கினர். அரசர்க்கும் தேசாதிபதிக்குமன்றித் தந்தைக்கு மைந்தர் எடுத்த நினைவுச்சின்னம் இது. புறக்கோட்டையில் மூட்டை சுமந்த தொழிலாளிக்கு அந்நாளிற் பயன்பட்டது கோபுரத்தின் பெயரன்று, அதன் தண்ணீரே.

தொலைவின் தொடக்கம்

சனாதிபதி மாளிகையின் முன்னர் நிற்பது தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் என்பவரின் சிலை. கொழும்பிலிருந்து பிற ஊர்களுக்குச் செல்லும் பெருந்தெருக்களின் தொலைவு இச்சிலையிலிருந்தே அளக்கப்படும். காலி வீதியிலே வெள்ளவத்தைக்கு இத்தனை மைல் என்றும், கண்டிக்கு இத்தனை மைல் என்றும் நட்ட கற்களெல்லாம் இவர் காலடியைத் தொடக்கமாகக் கொண்டன. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த இவர், கொழும்பு–கண்டித் தெருவை அமைப்பித்தவராதலின் இம்முறை பொருத்தமுடையதே.

ஆயினும் அத்தெருவை வெட்டியோர் யாவர் என்ற வினா எழுதல் இயல்பு. இராசகாரியம் என்னும் பழைய ஊழிய முறைப்படி கூலியின்றி அழைக்கப்பட்ட கிராமத்தார் பல்லாயிரவர் காட்டிலும் மலையிலும் உழைத்தே அத்தெரு உருவாயிற்று. அம்முறை நீதியற்றதென்று கோல்புறூக் ஆணைக்குழு கண்டு நீக்கியது பார்ன்ஸ் பதவி நீங்கியபின்னரே. சிலைக்கும் முதலாம் மைற்கல்லுக்கும் இடைப்பட்ட தொலைவில் உழைத்து மடிந்தோருக்கு ஒரு கல்லும் இல்லை. வரலாறு எழுதுவோன் இல்லாத கல்லையும் வாசிக்கக் கற்றல் வேண்டும்.

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையில் நாட்டப்பட்ட சிறுகல் இதற்கு மாறாக எளிமையானது. வார்ட் தேசாதிபதி அந்நடைபாதையை 1856-ம் ஆண்டிற் றொடங்கி 1859-ம் ஆண்டில் நிறைவேற்றினார் என்பதையும், கொழும்பின் பெண்களும் சிறுவரும் பயன்பெறும்பொருட்டு அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டிக்கொள்கின்றார் என்பதையும் அக்கல் தெரிவிக்கின்றது. தம் புகழை உரைக்காமற் பின்வருவோரை வேண்டி நிற்கும் கல்வெட்டு ஆட்சியாளர் நினைவுக்கற்களுள் அருமையானது. இன்றும் மாலைதோறும் அத்திடலிற் பட்டம் விடும் சிறுவர் அவ்வேண்டுகோளை அறியாமலே நிறைவேற்றி வருகின்றனர்.

மூடிய கதவு

கொழும்பு நூதனசாலையின் முன்னே தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் சிலை நிற்கின்றது. அவர் ஆட்சியிலே எழுந்த நூதனசாலை 1877-ம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறந்துவைக்கப்பட்டது. வரைபடம் அமைத்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டிமுடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். புறக்கோட்டைப் பழைய நகரமண்டபமும் மரைக்கார் கட்டியதே.

திறப்புவிழாவன்று தேசாதிபதி மரைக்காரை நோக்கி, ‘உமக்கு யாது வேண்டும்?’ என வினவினாரென்றும், பட்டமோ பதக்கமோ கேளாத மரைக்கார், ‘வெள்ளிக்கிழமை எங்கள் தொழுகை நாள், அன்று இம்மண்டபம் மூடப்பட்டிருத்தல் வேண்டும்’ எனக் கேட்டாரென்றும் கூறுவர். அவ்வுரையாடல் நிகழ்ந்தவாறே நமக்குக் கிடைத்ததென்று சொல்லுதற்கில்லை. ஆனால் நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைதோறும் மூடப்பட்டிருந்தமை உண்மை. கிறகரியின் பெயர் வெண்கலச் சிலையின் பீடத்தில் எழுதப்பட்டது. மரைக்காரின் பெயர் கிழமைக்கொருமுறை மூடிய கதவில் எழுதப்பட்டது. வழக்கமும் ஒருவகைக் கல்வெட்டே. அவ்வழக்கம் இன்று இல்லையாதலின், கதையைக் காத்தல் எழுத்தின் பொறுப்பாயிற்று.

மும்மொழி பேசும் கல்

நூதனசாலையின் உள்ளே பயணிகள் சிறிதுநேரம் நின்று கடந்துசெல்லும் கல்லொன்றுண்டு. ஏறத்தாழ நாலேமுக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் ஐந்தங்குலப் பருமனும் உடைய அக்கல்லின் தலைப்பில் இரண்டு சீனப் பறவைநாகங்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டுள்ளன. வலப்பாதியிற் சீனமும், இடப்பாதியின் மேற்பகுதியிற் றமிழும், கீழ்ப்பகுதியிற் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன.

1911-ம் ஆண்டிலே காலி நகரில் தொமலின் என்னும் பொறியியலாளர் இதனைக் கண்டெடுத்தார். அப்போது அது தெருவோர மதகு ஒன்றின் மூடுகல்லாய்க் கிடந்தது. சீனப் பேரரசரின் கட்டளையாற் பொறிக்கப்பட்ட கல்லின்மேல் காலி நகரத்து வண்டிகள் எத்தனை காலம் ஓடினவோ! வாழ்த்துவார் அற்ற கல் என்னாகும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1933-ம் ஆண்டில் வெளியிட்டார்.

கல்லிற் குறிக்கப்பட்ட நாள் 1409-ம் ஆண்டு பெப்ரவரி 15-ம் நாளுக்குச் சமம். மிங் மரபிற் றோன்றிய யொங்லோ பேரரசர், யுன்னான் நாட்டு முஸ்லிமாகிய செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவரைத் தென்கடல்களுக்கு அனுப்பிய காலம் அது. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றி, கடற்பயணம் இடையூறின்றி நடைபெற்றமைக்கு நன்றி செலுத்திக் காணிக்கைகளை எண்ணிக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு ஒன்றல்ல. மூன்று இறைமைகளுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஆயினும் காணிக்கைப் பட்டியல் பெரிதும் ஒத்திருக்கின்றது: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு நூறு, நறுநெய் இரண்டாயிரத்து ஐந்நூறு என அது நீளும். மூன்று சமயத்தாரும் தமக்குக் கிடைத்ததையும் பிறர்க்குக் கிடைத்ததையும் ஒப்பிட்டு நோக்குவர் என்பதைச் சீனத் தூதர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

தெனாவரை என்பது இலங்கையின் தென்முனையிலுள்ள தெவிநுவர. 1344-ம் ஆண்டில் அங்கே சென்ற இபின் பத்தூத்தா, ஆங்கிருந்த பெருங்கோயிலில் ஏறத்தாழ ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்தனர் எனக் குறித்துள்ளார். அக்கோயில் 1588-ம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. கோயில் அழிந்தது, கல் மதகாயிற்று, மொழி மட்டும் எஞ்சியது.

இக்கல்லிலிருந்து அறியக்கூடியது எது, அறியக்கூடாதது எது என்பதைத் தெளிதல் இன்றியமையாதது. 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் தென்கரையிலே, நான்கிங் நகரத்துத் தூதர் ஒருவர் தம் கருத்தை அறிவித்தற்குத் தமிழை இன்றியமையாத மொழியாகக் கருதினர் என்பது துணிபு. கடல்வாணிகத்திலும் கோயில் வழிபாட்டிலும் தமிழ் பெற்றிருந்த நிலையை இது காட்டும். ஆயின், தென்கரை தமிழர் ஆட்சியில் இருந்தது என்பதற்கு இதனைச் சான்றாக்குதல் பொருந்தாது. அதே கல்லிற் பாரசீகமும் உண்டு. அதனாற் பாரசீகர் ஆண்டனர் என்பார் எவருமில்லை. நாட்டு மன்னர்க்குரிய சிங்களம் கல்லில் இல்லை. அதனாற் சிங்களவர் அங்கே இலர் என்று கூறுதலும் அத்தகைய பிழையே. கல் அரசனை நோக்கிப் பேசவில்லை; துறைமுகத்தை நோக்கிப் பேசிற்று. இவ்வேறுபாட்டை மறந்து, தத்தம் இனத்தின் பெருமைக்கு வேண்டியதை மட்டும் கல்லிலிருந்து உருவிக்கொள்வோர் இருபாலும் உளர். அவர் கையில் அக்கல் மீண்டும் மதகின் மூடுகல்லே ஆகும்.

இன்னுமொன்று. காணிக்கை வழங்கி அமைதி வேண்டிய அதே செங் ஹோ, மறுமுறை வந்தபோது அழகேசுவரனோடு போர்புரிந்து, 1411-ம் ஆண்டில் அவனைச் சிறைப்படுத்திச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார். கல்லை மட்டும் வாசிப்போர் செங் ஹோவை அருளாளராகவே காண்பர். போர்ச்செய்தியை மட்டும் அறிந்தோர் அவரைப் பகைவராகவே காண்பர். இரண்டும் உண்மையே, இரண்டிற்கும் இடையே இரண்டாண்டுகளே இருந்தன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, கல்வெட்டு எப்போதும் முழுமையைக் கூறுவதன்று; பார்ன்ஸ் சிலை தெருவை வெட்டியோரைக் கூறாது. இரண்டாவது, செவிவழிக் கதை எப்போதும் பொய்யன்று. கொச்சிக்கடையின் பெயரும் வெள்ளிக்கிழமை வழக்கமும் ஆவணத்தில் ஏறாத உண்மையைக் காத்தன. மூன்றாவது, ஒரு நினைவுச்சின்னம் ஓரினத்துக்கோ ஒரு சமயத்துக்கோ தனியுரிமையாய் நிற்பது அரிது. குவாதலூப்பே அன்னையின் பெயர் ஒல்லாந்தர் ஆலயத்திலும், சீய அரசகுமாரனின் சிற்பம் கொட்டாஞ்சேனையிலும், முஸ்லிம் தலைவர் கொணர்ந்த தமிழ் விண்ணப்பம் காலியிலும் காணப்படுகின்றன.

கொழும்பு மாணவர் பலர் இச்சின்னங்களைக் கடந்தே நாடோறும் கல்லூரி செல்கின்றனர். பேருந்தின் சாளரத்தூடே அவற்றை நோக்குவோர் ஒருநாளேனும் இறங்கி நின்று பொறிப்பை வாசித்து, அதன் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அயலிலுள்ள முதியோர் சொல்லும் கதையையும் எழுதிவைப்பாராயின், அதுவே பெரும்பணியாகும். கல்லைக் காத்தல் அரசினர் கடமை. கல்லோடு கதையையும், கதையோடு அதன் மெய்ம்மையையும் காத்தல் கற்றோர் கடமை. பண்டையோர் வகுத்த ஆறனுள் இறுதியாகிய வாழ்த்து, இக்காலத்தில் ஆராய்ச்சி என்னும் பெயரோடு அவர்களிடம் வந்து சேர்ந்துள்ளது.